மேல் வரிசை, கீழ் வரிசை

காலையில் பல் துலக்கும்போது பிருந்தாவின் நாக்கு வலது பக்க மேல் கடைவாயில் ஓர் இடத்தில் நின்றது. மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய பல் வழுவழுவென்று இருந்தது. பக்கத்துப் பல்லும் அப்படியே. இடது பக்கம் போய்ப் பார்த்தாள், அங்கேயும் அதே கதை. கீழ்ப் பற்களைத் தடவினாள். அவை மட்டும் முளைத்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே கூராக இருந்தன.

வேறு யாராவது என்றால் வாயைக் கொப்பளித்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். பிருந்தாவால் முடியவில்லை. பதினோரு வருஷமாக அவளுக்குச் சோறு போடுவதே ஊரார் வாய்தான். செஞ்சி கடைத்தெருவில் ஜாஹிதா பேகம் டாக்டரின் பல் ஆஸ்பத்திரியில், பின்னறையில், மாவு வாளிக்கும் மெழுகுத் தகட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, டாக்டர் எடுத்துக் கொடுக்கும் அச்சுகளில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றிப் பல் செட் கட்டுவது அவள் வேலை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களின் அச்சு எத்தனையோ அவள் கைக்கு வந்திருக்கிறது. மேல் பல் எங்கே தேய்ந்திருக்கிறதோ அதற்கு நேர் எதிரே கீழ்ப் பல்லும் தேய்ந்திருக்கும். ஒன்றை ஒன்று உரசினால் இரண்டும்தானே தேய வேண்டும். மேல் வரிசை மட்டும் தனியாகத் தேய்ந்த வாயை அவள் இதுவரை பார்த்ததில்லை.

பல் கடிக்கிற சத்தம் அவளுக்குப் புதிதல்ல. மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அது தன் புருஷன் விக்ரமனின் வாயிலிருந்து வருகிறது என்றே நினைத்திருந்தாள். அவர்கள் குடியிருப்பது குடும்பத்துப் பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் மாடியில். பகலெல்லாம் மலைப்பாறைகள் குடித்த வெயில் ராத்திரியில் ஊர் மேல் இறங்கும், ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம், திருவண்ணாமலை பஸ் போகும்போதெல்லாம் கீழே அடுக்கி வைத்த எவர்சில்வர் குடங்கள் ஒன்றோடொன்று லேசாக முட்டி முனகும், அந்த முனகல் அடங்கிய பிறகு, ஃபேன் சத்தத்துக்கும் அடியில் எங்கிருந்தோ, நற நறவென்று அது ஆரம்பிக்கும். அவள் புரண்டு படுத்துக் காதைத் தலையணையில் புதைத்துக்கொள்வாள்.

அன்று காலை அவனிடம் சொல்லியே விட்டாள். நீங்கள் தூங்கியதும் பல்லைக் கடிக்கிற கடியில் எனக்குத் தூக்கம் பிடிக்கவே ரொம்ப நேரமாகிறது என்றாள். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த விக்ரமன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நானா? நீதான் கடிக்கிற. மூணு வாரமா நான் கண்ண மூடல, தெரியுமா?”

பதில் ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டது. எப்போதோ தயார் செய்து வைத்திருந்த பதில் என்று அவளுக்குப் பட்டது. சொல்லும்போது அவன் ஒரு கையால் தன் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்ததையும் அவள் பார்த்தாள், ஷேவ் பண்ணின எரிச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு இது ஆறாம் மாதம். போன வருஷம் ஒன்று நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. லேபில் கெமிக்கல் நெடியை மோந்து மோந்துதான் பிள்ளை தங்கவில்லை என்று மாமியார் நீலாவதி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நாலு பேர் காதுபடச் சொன்னாள். விக்ரமன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை பிருந்தா இன்னும் மன்னிக்கவில்லை. இந்தப் பிள்ளையை முழுசாகப் பெற்றுக் கையில் வாங்கிவிட வேண்டும், குறுக்கே யார் வந்தாலும் விடக்கூடாது, அவ்வளவுதான் இப்போது அவள் மனதில் இருந்தது.

ஜாஹிதா பேகம் அவளை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார். முன்பெல்லாம் மூன்று விரல் நுழையும் வாய் இரண்டு விரலுக்கே திணறியது. காதுக்கு முன்னால் டாக்டர் விரலை வைத்துத் திறந்து மூடச் சொன்னபோது, உள்ளே ஏதோ பூட்டு விலகுவதுபோல ‘டக்’கென்றது. கன்னத்துத் தசை கல்லாகக் கெட்டிப்பட்டிருக்கிறது, நெற்றிப் பொட்டில் வருகிற தலைவலியும் காதுவலியும் அதனால்தான் என்றார். வயிற்றில் பிள்ளை இருப்பதால் மாத்திரை தர முடியாது, வெந்நீர் ஒத்தடம் கொடு, முறுக்கு சீடையெல்லாம் தொடாதே, ராத்திரிக்கு மேல் பல்லில் உறைபோல மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கார்டு செய்துகொள், அதைச் செய்கிறவளே நீதானே என்று சிரித்தார்.

பிறகு சின்னக் கண்ணாடியைக் கீழ்ப் பல் பக்கம் திருப்பிப் பார்த்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“கீழ ஒண்ணுமே இல்லியேம்மா. மேல மட்டும் யாரோ உக்காந்து ராவி வுட்ட மாதிரி இருக்குது.”

டாக்டர் விளையாட்டாகச் சொன்னார். பிருந்தாவும் சிரித்து வைத்தாள். பின்னறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. ராவுவதற்கு என்ன வேண்டும்? அரம் வேண்டும். அவள் மேஜையில் சின்னது பெரியதாக ஏழு அரங்கள் உண்டு. எண்ணிப் பார்த்தாள். ஆறு இருந்தன.

தினமும் சாயங்காலம் வண்டியில் அவளைக் கூட்டிப்போக வருகிறவன் விக்ரமன்தான். வந்தால் சும்மா நிற்க மாட்டான். அவள் மேஜையில் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், இது எதற்கு, அது எதற்கு என்று கேட்பான். நாலு வருஷமாகக் கேட்காதவன் இந்த ஒரு மாதமாகக் கேட்கிறான். எதற்கு என்று அவள் அப்போது யோசிக்கவில்லை, இப்போது யோசித்தாள்.

அவளே தன் மேல் பல்லுக்குக் கார்டு செய்து மாட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒரு கீறல்கூட இல்லை. பல் கடிக்கிறவர்களின் கார்டு நாலு நாளில் குதறிப்போய் வரும், இது கடையில் வாங்கிய பொருள்போல மினுமினுத்தது. அப்படியானால் நான் கடிக்கவில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள். ஆனால் நாக்கில் மணல் மணலாக ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு வாரத்தில் கார்டு ஆட ஆரம்பித்தது. இறுக்கமாகச் செய்த கார்டு பேசும்போதே கழன்று விழுந்தது. பிளாஸ்டிக் அப்படியே இருக்க, அதற்கு உள்ளே பல் குறைந்துகொண்டிருந்தது.

தூங்கும்போது யாரோ கார்டைக் கழற்றுகிறார்கள். வேலையை முடித்துவிட்டு மறுபடி மாட்டுகிறார்கள். வேறு எப்படி யோசித்தாலும் கணக்கு உதைத்தது. ஆனால் பல்லை ராவினால் எருமைத் தூக்கமென்றாலும் கலையுமே, எனக்கு எப்படிக் கலையவில்லை என்று நினைத்தபோது, தினமும் படுக்கப்போகும் முன் நீலாவதி குங்குமப்பூ போட்டுக் கொண்டுவந்து தரும் பால் ஞாபகம் வந்தது. குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று டம்ளரை வாங்கிக்கொண்டுதான் கீழே இறங்குவாள். போன வருஷம் அந்த அக்கறை எங்கே போயிருந்தது என்று பிருந்தாவுக்கு ஆத்திரம் வந்தது. அன்று முதல் ஒவ்வொரு வாயாக வைத்திருந்து, அத்தை முகம் திரும்பியபோதெல்லாம் வாஷ்பேசினில் துப்பினாள்.

பால் குடிக்காத முதல் ராத்திரியே அவளுக்கு நடுவில் முழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை, இமை இடுக்கில் பார்த்தாள். விக்ரமன் எழுந்து உட்கார்ந்திருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் கை அவள் முகத்துக்கு நேராக வந்தது, வாய்க்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கையில் இருந்தது அரம் இல்லை. போன். திரை வெளிச்சம் படாமல் விரலால் மூடிப் பிடித்திருந்தான். அறையில் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாக்கை மெதுவாக நகர்த்தித் தன் பற்களுக்கு நடுவே வைத்தாள். நாக்கில் ஒன்றும் படவில்லை. கடிப்பது நானில்லை, அவன்தான், அவனே கடித்துக்கொண்டு அவனே என் வாய்ப் பக்கம் பிடித்துப் பதிவு செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

மறுநாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து போனைத் திறந்தாள். தேதி போட்டு முப்பத்தோரு பதிவுகள் இருந்தன. ஒன்றைக் கேட்கலாம் என்று விரலை வைத்தபோது தண்ணீர் நின்றுவிட்டது, போட்டது போட்டபடி வைத்துவிட்டு வந்தாள். எதற்காக என்று இப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. இவளுக்குப் புத்தி சரியில்லை, தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாள், இவளை நம்பிப் பிள்ளையை விட முடியாது என்று நாளைக்கு யாரிடமோ போட்டுக் காட்டப் போகிறான். அதே வாரம், கீழே கடைக்குள் அவன் அம்மாவிடம் பேசியதையும் படியில் நின்று கேட்டாள். ஏழாம் மாதம் வளைகாப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே மண்டகப்பட்டில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். குரல் நடுங்கியது. நடிக்கக்கூடத் தெரியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புருஷனையும் கூட்டி வா, யார் கடிக்கிறார்கள் என்று அச்சு எடுத்தால் தெரிந்துவிடும் என்று ஜாஹிதா பேகம்தான் சொன்னார். விக்ரமன் மூன்று நாள் சாக்குச் சொன்னான். லோடு வருகிறது என்றான், கல்யாண ஆர்டர் என்றான். நாலாம் நாள் வந்து உட்கார்ந்தபோது, அச்சுத் தட்டைக் கீழ்த் தாடையில் வைத்ததும் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் வெளியே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேருக்கும் மேலும் கீழுமாக நாலு அச்சு எடுத்துக் கொடுத்துவிட்டு, மாவு ஊற்றிக் காய வை, நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விட்டார்.

எந்த அச்சாக இருந்தாலும் அடியில் பென்சிலால் இனிஷியலோடு பெயர் எழுதுவது பிருந்தாவின் வழக்கம். அன்று எழுத முடியவில்லை. முன்னால் டோக்கன் போடும் ரஞ்சிதம் டீ குடிக்கிற சாக்கில் பின்னறைக்கு வந்து எல்லாவற்றையும் எடுத்துப் படிப்பாள், சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும், பாத்திரக்கடைக்காரன் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரியில் பல்லைக் கடித்துக்கொள்கிறார்களாம் என்று. அதனால் பெயரை விட்டுவிட்டு இனிஷியலை மட்டும் எழுதினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இனிஷியல் வி. அவனுடையதை எழுதும்போதும், நினைப்பு எங்கோ இருந்ததால், அவன் பெயரின் முதல் எழுத்தையே எழுதினாள். நாலின் அடியிலும் ‘வி’.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மாவு அச்சுகளைச் சீவி எடுத்து வரிசையாக வைத்தாள். எது எவருடையது என்று அதற்குள் கலந்துபோயிருந்தது. மேல் வரிசைகளில் ஒன்று மொட்டையாகத் தேய்ந்திருந்தது, அது தன்னுடையது என்று பார்த்ததும் தெரிந்தது. கீழ் வரிசை ஒன்றை எடுத்தாள். மேல் அச்சையும் கீழ் அச்சையும் கையில் பிடித்து லேசாக ஆட்டி ஆட்டித்தான் ஜோடி சேர்க்க வேண்டும், சரியான இடம் கிடைக்கும்வரை அது இடறிக்கொண்டே இருக்கும். இது இடறவில்லை. வைத்ததும் போய் உட்கார்ந்தது. மேலே ஒரு வழுவழுப்பு இருந்த இடத்தில் கீழேயும் அதே அளவு, அதே சாய்வு. வலது பக்கம் நகர்த்தினால் தண்டவாளத்தில் போவதுபோலப் போயிற்று, இடது பக்கமும் அப்படியே வந்தது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கீழ்ப் பல்லும் தேய்ந்துதான் இருக்கிறது, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை, ஊரில் பத்துப் பேருக்கு வருகிற வியாதிதான் எனக்கும் வந்திருக்கிறது. பாவம், அவனைப்போய் என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. இன்றைக்கு அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

அப்புறம்தான் முன்பக்கத்தைப் பார்த்தாள். கீழ் வரிசையில் நடுவில் ஒரு பல் பக்கத்துப் பல் மேல் ஏறி நின்றது. அவளுக்கு அப்படி ஒரு பல் கிடையாது. அது விக்ரமன் சிரித்தால் தெரிகிற பல். பெண் பார்க்க வந்த அன்று அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அவனைப் பிடித்தது.

மற்ற இரண்டையும் அவசரமாக எடுத்தாள். மேல் வரிசை அவனுடையது, கூராக, புத்தம் புதிதாக இருந்தது. கீழ் வரிசை அவளுடையது, பள்ளிக்கூடக் காலத்தில் அடைத்த பல்லின் தடம்கூட அப்படியே இருந்தது. நாலு வருஷக் குடித்தனத்தில் எதிலுமே இப்படிப் பொருந்தாத இரண்டு பேருடைய பற்கள், அவள் மேல் வரிசையும் அவன் கீழ் வரிசையும், ஒரே வாயாகப் பொருந்தி அவள் கையில் இருந்தன. அவள் கை தானாக அவற்றை ஒருமுறை உரசிப் பார்த்தது. நற என்றது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. இன்னொரு முறை உரசினாள். இன்னொரு முறை புரண்டது.

அவள் இரண்டையும் துணியில் சுற்றி மேஜை டிராயரில் போட்டு மூடினாள். டிராயரின் கடைசியில், மெழுகுத் தகட்டுக்குப் பின்னால், காணாமல்போன ஏழாவது அரம் கிடந்தது. பல நாள் தூசி படிந்து கிடந்தது.

வீட்டுக்குப் போனபோது நீலாவதி எதிர்வீட்டில் பிறந்த குழந்தைக்குத் தொட்டில் போட்டதைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷத்தில் இருந்தாள். மருமகளைக் கண்டதும் வயிற்றில் கையை வைத்துத் தடவினாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று பிருந்தா மரியாதைக்குக் கேட்டு வைத்தாள்.

“கண்ணு மூக்கு வரைக்கும் அம்மா ஜாட. வாய்க்குக் கீழ அப்டியே நைனாவ உரிச்சி வச்சிருக்குது. மேல ஒருத்தரு கீழ ஒருத்தரு. இதுங்கூட அப்டித்தான் வரும் பாரேன்.”

பிருந்தா அத்தையின் கையை எடுத்துவிட்டு மாடி ஏறினாள். சாப்பிட முடியவில்லை. குழைந்த சோற்றைக்கூட நாக்கால் நசுக்கித்தான் விழுங்க வேண்டியிருந்தது. விக்ரமன் கடையைச் சாத்திவிட்டு மேலே வந்ததும் கதவைத் தாழிட்டு, போனைக் கொடுங்கள் என்றாள். அவன் எடுத்து நீட்டினான். மறுக்கவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு கீழ் உதட்டை விரலால் இழுத்துக் காட்டினான். அவன் கீழ்ப் பற்கள் பாதி உயரம்தான் இருந்தன. ஒரு மாதமாக வலிக்கிறது, சொன்னால் நீ பயந்துபோவாய், போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று சொல்லவில்லை என்றான். நீதான் கடிக்கிறாய் என்று நம்பித்தான் பதிவு செய்தேன், டாக்டரிடம் காட்டத்தான். சத்தம் இந்த வீட்டில்தான் இருக்கிறதோ என்றுதான் உன்னை அம்மா வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். அழுதுகொண்டே சொன்னான். அவளுக்கு நம்பவும் ஆசையாக இருந்தது, நம்பவும் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைப் பதிவைப் போட்டாள். ஃபேன் சத்தம். ஒரு பஸ். குடங்களின் முனகல். பிறகு நற, நற, நற. நிதானமாக, அவசரமில்லாமல். கொஞ்ச நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் அவள் குரல் கேட்டது.

“இன்னாங்க, தூங்கலியா?”

“இல்ல. பொழுக்கமா இருக்குது. நீ படு.”

அவ்வளவுதான் பேச்சு. அவள் பேசும்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. அவன் பேசும்போதும் நிற்கவில்லை. இரண்டு குரலுக்கும் அடியில் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருந்தது.

விக்ரமன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

இன்று இரண்டு பேரும் தூங்க வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். டியூப் லைட் எரிந்தது. சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று ஃபேனை நிறுத்தினார்கள். கட்டிலில் எதிரும் புதிருமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவள் தன் இரண்டு விரலை அவன் பற்களுக்கு நடுவே வைத்தாள். அவன் தன் இரண்டு விரலை அவள் பற்களுக்கு நடுவே வைத்தான். யார் கடித்தாலும் மற்றவருக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்ததில்லை. அவன் விரலில் எவர்சில்வர் வாசனை அடித்தது. வியர்வை முதுகில் ஊர்ந்து இறங்கியது, தாடை வலியில் காது அடைத்தது, கீழே குடங்கள் ஒருமுறை முனகி அடங்கின, தெருவில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. அவனை அவளுக்கு மறுபடியும் பிடித்தது.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

பிறகு.

நற.

அவள் விரலில் அவன் பல் அசையவில்லை. அவன் விரலில் அவள் பல் அசையவில்லை. இரண்டு வாயும் திறந்தே இருந்தன.

நற. நற.

அவள் நாக்கில் மணல் விழுந்தது. மேலிருந்து. அவன் விரல் மேல் வெள்ளையாகப் பொடி இறங்கியது. அவன் வாயோரத்திலும் அதே வெள்ளை.

அவன் கண் அவள் முகத்தை விட்டுக் கீழே போனது. அங்கேயே நின்றது.

விரல்களை எடுத்துக்கொண்டார்கள். பிருந்தா நைட்டியை மேலே இழுத்தாள்.

வெளிச்சத்தில் வயிறு பளபளத்தது. தொப்புளுக்கு மேலே தோல் லேசாகப் புடைத்திருந்தது. கை இல்லை. கால் இல்லை. சின்னச் சின்ன மேடுகள். பக்கத்தில் பக்கத்தில். வளைவாக. தொப்புளுக்குக் கீழே இன்னொரு வளைவு. அதில் நடுவில் ஒரு மேடு மட்டும் பக்கத்து மேட்டின் மேல் ஏறி நின்றது.

மேல் வளைவு வலது பக்கம் நகர்ந்தது. நற. இடது பக்கம் வந்தது. நற.

விக்ரமன் பின்னால் நகர்ந்தான். சுவர் வரைக்கும் போனான். அம்மா என்று வாயசைத்தான்.

பிருந்தா நகரவில்லை. எங்கே நகர்வது. போன வருஷம் போனது போதும். இது அவள் பிள்ளை. பயத்தில் பல் கிட்டிக்கொண்டபோதும், அந்த நினைப்பு ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது. கையை வயிற்றின் மேல் வைத்தாள். தட்டிக்கொடுத்தாள்.

சத்தம் நின்றது.

உள்ளங்கைக்கு அடியில் இரண்டு வளைவுகளும் மெதுவாக விலகின. மேலே ஒன்று. கீழே ஒன்று. விலகிக்கொண்டே போயின. அவள் கை அகலத்துக்கு. அதற்கும் மேலே.

பிறகு, தோலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் கையின் மேல் மூடின.

பிருந்தா கையை எடுக்கவில்லை. எடுக்க அது விடவில்லை.